தாரர் யார் வீட்டுப் பிள்ளை?

கேள்வி: "வங்கிப் படிவங்களில் 'விண்ணப்பதாரர்' என்று போடுகிறார்கள். 'தாரர்' தமிழே இல்லை, பாரசீகம். அதைத் தூக்கிவிட்டு 'விண்ணப்பிப்பவர்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? படிவம் மொழிபெயர்ப்பதையே வேலையாக வைத்திருக்கிற நீங்களும் இதை விட்டுவைக்கலாமா?"

பிப்ரவரி 4, இரவு

பாரசீகம்தான், அதில் சண்டை இல்லை. பாரசீகத்தில் 'தாஷ்தன்' என்றால் வைத்திருத்தல், உடையவராக இருத்தல். அதன் நிகழ்காலப் பகுதி 'தார்'. எதன் பின்னால் ஒட்டினாலும் அதை வைத்திருப்பவர் என்று பொருள் தரும். நிலத்தை வைத்திருப்பவர் ஜமீன்தார். தாசில்தார், சுபேதார், ஹவில்தார், மிராசுதார், இனாம்தார் எல்லாம் ஆற்காட்டு நவாபு, தஞ்சை மராட்டியர், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி என்று கைமாறி வந்த ஆட்சிச் சொற்கள். இவை முழுச் சொல்லாக வந்தன, தலையும் வாலும் வெளியிலிருந்து. அந்தக் கட்டத்தில் நிறுத்திப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, தமிழில் 'தார்' என்று ஒரு விகுதி இல்லை, சில கடன் சொற்கள் இருந்தன, அவ்வளவுதான்.

ஆனால் பொங்கல் பரிசு அறிவிப்பு வரும்போது காதில் விழுவதைக் கவனியுங்கள்: "அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்கள்." அட்டை தமிழ். நடுவில் தார். அதற்குப் பின்னால் மரியாதைக்கு நம்முடைய 'அர்', அதற்கும் பின்னால் 'கள்'. டெல்லியிலிருந்து யாரும் 'அட்டைதார்' என்று அனுப்பி வைக்கவில்லை. இங்கே இருந்தவர்கள் தாங்களாகவே ஒட்டினார்கள். ஒப்பந்ததாரர், குத்தகைதாரர், பங்குதாரர், எதிர்மனுதாரர் எல்லாமே இப்படி இங்கே கட்டியவை. வெளியூர் விகுதி ஒன்று உள்ளூர்ச் சொல்லைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டால் அது குடியேறிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பிப்ரவரி 5

சிரஸ்தார் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் இன்றும் இருக்கிற பதவி. சர் என்றால் தலை, ரிஷ்தா என்றால் நூல், இழை. சர்ரிஷ்தா என்று சேர்ந்து அலுவலகப் பதிவேட்டைக் குறித்தது, அதை வைத்திருப்பவர் சர்ரிஷ்தாதார். தேய்ந்து தேய்ந்து சிரஸ்தார் ஆனார். இந்தியில் சொந்தக்காரரை ரிஷ்தேதார் என்பதும் இதே இழையைப் பிடித்துத்தான்.

பிப்ரவரி 5, மறுபடியும்

'விண்ணப்பிப்பவர்' பற்றி நேற்றே சொல்லியிருக்க வேண்டும். அந்த மாற்றத்தை நான் ஒருமுறை செய்தே பார்த்தேன். சுமார் பத்து வருடம் முன்பு, ஒரு காப்பீட்டுப் படிவம், நாற்பது பக்கம். எனக்கும் அப்போது இதே வேகம்தான், தாரர் வருகிற இடமெல்லாம் தேடி ஒரே அடியாக மாற்றிவிட்டேன். சரிபார்க்க உட்கார்ந்தபோது பதினேழாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி வந்து நின்றது: "காலமான விண்ணப்பிப்பவரின் வாரிசு."

இறந்துபோனவர் எப்படி விண்ணப்பித்துக்கொண்டிருப்பார்? 'விண்ணப்பித்தவர்' என்று திருத்தினேன். உடனே முதல் பக்கம் கெட்டது, ஏனென்றால் அங்கே அவர் இன்னும் கையெழுத்தே போடவில்லை. வினையாலணையும் பெயரின் குணம் அது, காலத்தைச் சுமந்துகொண்டே வரும். செய்பவர், செய்தவர் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். படிவத்துக்கு வேண்டியது காலம் ஒட்டாத ஒரு பெயர், இன்று எழுதுகிறவரையும் ஆறு மாதம் கழித்துக் கோப்பில் கிடக்கிறவரையும் ஒன்றாகக் குறிக்கிற பெயர். 'தாரர்' அதைச் செய்கிறது. 'ஆளர்' செய்யும், 'நர்' செய்யும், 'காரர்' செய்யும். 'பவர்' செய்யாது. அன்று இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றினேன். தாரரை விகுதியாக மதிக்க ஆரம்பித்தது அந்த இரவில்தான்.

பிப்ரவரி 8

எனக்கு இதில் மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பட்டதாரி, பட்டாதாரர். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள்.

பட்டதாரி, பட்டம் பெற்றவர். இதில் இருக்கிற 'தாரி' பாரசீகம் அல்ல, வடமொழி. தரித்தல் என்கிறோமே, அந்த 'த்ரு' என்ற வேரிலிருந்து வருவது. வேடதாரி, சூத்திரதாரி, ஆயுததாரி எல்லாம் இந்த வகை. பட்டாதாரர், நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர். இது பாரசீகத் தார். இரண்டும் வேறு வேறு என்று பிரித்துச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், பள்ளியில் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் இன்னும் ஒரு படி பின்னால் போனால் வடமொழித் 'தாரி'யும் பாரசீகத் 'தார்'உம் ஒரே வேர். இந்தியாவுக்கு வந்த கிளையும் ஈரானில் தங்கிய கிளையும் பிரிவதற்கு முன் அது ஒரே சொல்தான், பிடித்திருத்தல், தாங்குதல் என்ற பொருளில். ஈரான் பக்கத்தில் மூச்சொலி போய் 'த' மெலிந்தது, வேறு பெரிய வித்தியாசம் இல்லை.

முன்பாதியைப் பாருங்கள். பட்டம், வடமொழிப் 'பட்ட' என்பதிலிருந்து: நெற்றியில் கட்டும் பட்டை, எழுத்துப் பொறித்த தகடு. பட்டா இந்தி வழியாக வந்தது, இந்திக்கு அது அதே 'பட்ட'விலிருந்து போனது. ஆக தலையும் ஒன்று, வாலும் ஒன்று! ஒரே சொல் இரண்டு பாதையில் இரண்டு முறை நம் ஊருக்கு வந்திருக்கிறது, ஒன்று கல்லூரி வாசலில் நிற்கிறது, இன்னொன்று தாலுகா அலுவலக வாசலில் நிற்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் கடந்து போகின்றன. இதை முதலில் கவனித்த நாளில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

பிப்ரவரி 8, கொஞ்ச நேரம் கழித்து

தாரருக்குப் பெண்பால் ஏன் இல்லை என்பதற்கும் இங்கே ஒரு காரணம் தெரிகிறது. காரன், காரி, காரர் என்று வரிசை இருக்கிறது. அதே வழியில் மனுதாரன், மனுதாரி என்று போக முடியவில்லை, 'தாரி' என்ற இடத்தில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக. அதனால் தாரர் பலர்பாலிலேயே நின்றுவிட்டது. மனுதாரர் ஆணாகவும் இருக்கலாம் பெண்ணாகவும் இருக்கலாம். படிவத்துக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? ஜமீன்தாருக்கு மட்டும் ஜமீன்தாரிணி என்று ஒரு பெண்பால் வந்தது. பாரசீகச் சொல்லுக்கு வடமொழி வாலைக் கட்டித் தமிழில் புழங்கினார்கள்.

இன்னொன்று. பாரசீகப் பேரரசன் டேரியஸ், கி.மு. 522 முதல் 486 வரை ஆண்டவன். கிரேக்கர் வாயில் புகுந்து மாறிய பெயர் அது. அவன் கல்வெட்டுகளில் உள்ள பழம்பாரசீக வடிவம் தாரயவௌஷ், நன்மையைத் தாங்குபவன். முன்பாதியில் இருப்பது நம் ரேஷன் கடை அட்டைதாரரின் 'தார்'தான்.

பிப்ரவரி 11

"காரர் இருக்கும்போது தாரர் எதற்கு" என்று கேட்டவருக்கு. ஆளி, தாரர், காரர் மூன்றையும் ஒரே சொல்லில் மாட்டிப் பாருங்கள்.

பங்காளி என்றால் சித்தப்பா பெரியப்பா வழி, தீட்டு காக்கிற உறவு, வரப்புச் சண்டையும் அங்கேதான். பங்குதாரர் என்றால் கம்பெனியில் பணம் போட்டவர், அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். பங்குக்காரர் என்றால் கிணற்றிலோ தோப்பிலோ ஒரு பாகம் உள்ளவர். வேர் ஒன்று, விகுதி மாறினால் மனிதரே மாறிவிடுகிறார்.

கடனைப் பாருங்கள். கடனாளி கடன்பட்டவர், கேட்கும்போதே ஒரு பாரம் தெரியும். கடன்தாரர் வங்கிக் கடிதத்தில் வருகிறவர், பாரம் இல்லை, கணக்கு எண் உண்டு. கடன்காரன் இருக்கிறானே, அவன்தான் விசித்திரம். கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். "கடன்காரன் வாசலில் நிற்கிறான்" என்றால் கொடுத்தவன், "என்னைக் கடன்காரன் ஆக்கிட்டியே" என்றால் வாங்கியவன். காரன் அப்படித்தான், முன்சொல்லோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தால் போதும், என்ன தொடர்பு என்று சொல்லாது. பூக்காரி விற்கிறாள், வேலைக்காரர் செய்கிறார், பணக்காரர் வைத்திருக்கிறார், கோபக்காரர் படுகிறார், மதுரைக்காரர் அங்கே பிறந்தார். வீட்டுக்காரர் என்றால் வீட்டு உரிமையாளர், அல்லது கணவர். வடமொழிக் 'கார' இப்படி ஒட்டும்போது செய்பவரைக் குறித்தது, கும்பகார என்றால் குடம் செய்கிறவர். தமிழுக்கு வந்து அது எவ்வளவு அகலமாகிவிட்டது! "சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம்" என்கிற பழமொழியில் இரண்டு காரனும் வேறு வேறு வேலை செய்கிறார்கள், கேட்கிற யாரும் குழம்புவதில்லை.

தெலுங்கிலும் இப்படிப்பட்ட விகுதிக்கு நல்ல புழக்கம்: வேட்டகாடு வேட்டைக்காரன், ஆட்டகாடு ஆட்டக்காரன். பெண்ணுக்கு 'கத்தெ' வரும், பாட்டகத்தெ. கன்னடத்தில் 'கார' மெலிந்து ஒலிக்கும், கடன்காரருக்கு சாலகார. தாரும் அங்கே போயிருக்கிறது, ஒப்பந்ததாரரைக் கன்னடத்தில் குத்திகெதார என்பார்கள், தெலுங்கில் வங்கி வாடிக்கையாளர் காதாதாருடு. நாம் 'அர்' போட்ட இடத்தில் அவர்கள் 'டு' போட்டுத் தங்கள் ஆளாக்கிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 12

குடிகாரனுக்கு ஏன் க் வரவில்லை, பிச்சைக்காரனுக்கு ஏன் வருகிறது என்று ஒரு கேள்வி. நான் இப்படிப் படிக்கிறேன்: பிச்சை பெயர்ச்சொல், குடி இங்கே வினைப்பகுதி. ஊறுகாய், சுடுகாடு போன்ற வினைத்தொகையில் வலி மிகாது இல்லையா, அந்தப் பழக்கம் இங்கேயும் நிற்கிறது. கடன் வாங்கிய விகுதிகூட நம் புணர்ச்சிக்குத் தலைகுனிந்து நடக்கிறது.

பிப்ரவரி 12, திருத்தம்

தாரர் தாளில் மட்டும் வாழ்கிறது என்று தனிமடலில் ஒருவருக்கு எழுதிவிட்டேன். தப்பு. வாடகைதாரர் என்று யாரும் வாயால் சொல்வதில்லை, உண்மை, "குடியிருக்கிறவங்க" என்போம். ஆனால் சந்தையில் கடை வைத்திருப்பவர் "என் பங்குதாரர் மதியம் வருவார்" என்று சாதாரணமாகச் சொல்கிறார், நேற்று மண்டியில் காதாரக் கேட்டேன்.

பிப்ரவரி 15

குவைத்தில் இருக்கும் நண்பர் எழுதியிருக்கிறார்: பஞ்சர் ஒட்டுகிறவரை அங்கே 'பஞ்சர்சி' என்கிறார்களாம், அந்த 'சி' என்ன என்று கேட்கிறார்.

அண்ணா, அது துருக்கியரின் விகுதி. இராக்கிலும் இதே சொல் உண்டு. எகிப்தில் 'கி' என்று ஒலிக்கும்: துணி தேய்ப்பவர் மக்வகி, தபால்காரர் போஸ்தகி. ஆட்டோமான் ஆட்சி போன இடமெல்லாம் இந்த வால் தங்கிவிட்டது. ஏதென்ஸில் டாக்சி ஓட்டுபவர் 'தக்ஸிட்ஸிஸ்', அங்கேயும் அதே துருக்கி வால்தான், கிரேக்க முடிவோடு. நாம் காரருக்குப் பின்னால் 'அர்' வைப்பது போல அவர்கள் 'ஸ்' வைத்தார்கள். துருக்கியில் இது முன்னால் உள்ள உயிருக்கும் மெய்க்கும் ஏற்ப எட்டு வடிவம் எடுக்கும். வெளியே போனபோது அந்த ஒத்திசைவு உதிர்ந்து பெரும்பாலும் ஒரே வடிவமாகிவிட்டது. எந்த விகுதியும் பயணம் போகும்போது சொந்த ஊர் ஒலியியலை மூட்டை கட்டி எடுத்துப்போக முடியாது போல.

வயதும் அதிகம். மங்கோலியாவில் ஒர்கோன் ஆற்றுப் பக்கம் குல் தெகின் என்ற இளவரசனுக்கு வைத்த கல்வெட்டு, 732ஆம் ஆண்டு. அதில் 'யோக்ச்சி, ஸிகித்ச்சி' என்று வருகிறது. இழவுக்கு வந்தவர்கள், அழுகிறவர்கள். நம் ஊரில் சொன்னால் ஒப்பாரிக்காரர்கள். 1,300 ஆண்டுக்கு முன் அழுதவர்களுக்குப் பின்னால் இருந்த அதே எழுத்து இன்று குவைத் சாலையோரம் டயர் கழற்றுகிறவர் பெயரிலும் இருக்கிறது.

பிப்ரவரி 15, பின்குறிப்பு

இது நம் ஊருக்கும் வந்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வேலைவாய்ப்பு அறிவிப்பில் அலுவலக உதவியாளர், இரவுக் காவலர் பதவிகளோடு 'மசால்ஜி' என்று ஒன்று வரும், பார்த்திருப்பீர்கள். மசாலாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மஷால் என்றால் தீவட்டி, அரபுச் சொல். மஷால்சி, தீவட்டி பிடிப்பவர். தீவட்டி போய் மின்விளக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பதவிப் பெயர் நிற்கிறது. கஜானாவைப் பார்த்துக்கொள்கிற கஜாஞ்சியும் இந்தச் 'சி' ஆள்தான். ஆனால் ஒன்று பாருங்கள், இந்தச் 'சி' தமிழில் குடியேறவில்லை. பஞ்சர்க்காரரை நாம் பஞ்சர்சி ஆக்கவில்லை. முழுச் சொல்லாக வந்து முழுச் சொல்லாகவே நின்றுவிட்டது. தாரோடு சேர்ந்தே வந்திருந்தும், தார் அட்டையைப் பிடித்தது, சி எதையும் பிடிக்கவில்லை. காரணம் எனக்குத் தோன்றுவது: நமக்குச் செய்பவரைச் சொல்லக் காரர் ஏற்கெனவே இருந்தது. வைத்திருப்பவரை மட்டும் தனியாக, மரியாதையாக, உணர்ச்சி கலக்காமல் சொல்ல ஆள் இல்லை. காலி இடத்தில்தான் குடியேற முடியும்.

பிப்ரவரி 19

"ஆங்கில டிரைவர், டீச்சர் எல்லாவற்றிலும் உள்ள 'அர்' நம் மரியாதை விகுதிதான், தமிழிலிருந்து போனது" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். தமிழ் மேல் உள்ள அன்பு புரிகிறது, ஆனால் இல்லை. ஆங்கிலத்தின் பழைய வடிவம் 'எரே', அதுவே லத்தீன் 'ஆரியுஸ்' என்ற விகுதியை ஜெர்மானிய மொழிகள் முற்காலத்தில் கடன் வாங்கியதால் வந்தது. இதில் சொல்ல வேண்டிய விஷயம் வேறு: ஆங்கிலக்காரர் தங்கள் சொந்தச் சொத்தாக நினைக்கிற அந்த 'எர்' கூடக் கடன்தான், யாரும் அதைத் துரத்தவில்லை. நம் காதுக்கு அது பலர்பால் போலக் கேட்பது தற்செயல், அது நமக்கு ஒரு வசதி. மேனேஜர், டாக்டர் எல்லாம் வரும்போதே 'வந்தார்' என்று சொல்லத் தோதாக வந்துவிட்டன.

பிப்ரவரி 20

திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் எழுதியதைப் படித்து ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மலையாளத்தில் அரசு ஊழியர்கள் 'ஜீவனக்கார்'. கலைஞர் 'கலாகாரன்'. மனுதாரர் 'ஹர்ஜிக்காரன்'. ரேஷன் அட்டைதாரர் 'கார்டுடம', அதாவது உடைமையாளர். தார் அங்கே இந்த வேலைக்குத் தேவைப்படவில்லை. காரனே போதும், அதில் தாழ்வும் இல்லை.

நமக்கு அப்படி இல்லை. தமிழில் இந்த விகுதிகளுக்கு நடுவே ஒரு படிக்கட்டு இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு இஷ்டமில்லை. பேனா பிடித்தால் எழுத்தாளர், பேசினால் பேச்சாளர், அலுவலகத்தில் மேலாளர், ஒருங்கிணைப்பாளர். பால் ஊற்றினால் பால்காரர், கீரை விற்றால் கீரைக்காரம்மா. பாலாளர் என்று யாரும் சொல்லவில்லை. புதிதாக ஒரு தொழில் வந்தாலும் அதேதான், கேபிள்காரர், கூரியர்காரர். குழு போட்டு உண்டாக்குகிற சொல்லுக்கு ஆளர், தெரு உண்டாக்குகிற சொல்லுக்குக் காரர். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் எவ்வளவு பேருக்கு நிமிர்வைக் கொடுத்தது என்று பார்த்தவன் நான், விகுதியில் என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிப்ரவரி 23

மேலே எழுதியதில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. இன்னொரு பக்கத்தை அம்மாவிடமிருந்து கற்றேன்.

அம்மா இருபத்தாறு வருடம் கோவில் முக்கில் பூ விற்றார். தெருவுக்கே பூக்காரம்மா. எனக்குக் கல்லூரி வயதில் அந்தப் பெயர் உறுத்தும், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன என்று தோன்றும். 2014இல் தெருவோர வியாபாரிகளுக்கான சட்டம் வந்து, பிறகு அடையாள அட்டை கொடுத்தார்கள். அட்டையை வாங்கி வந்த சாயங்காலம் எனக்குத்தான் சந்தோஷம், 'வியாபாரி' என்று போட்டிருந்தது. அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார், விளக்கடியில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இதுல பூ எங்கடா?"

எனக்குப் பதில் வரவில்லை. காரம்மாவில் உள்ள காரைத் தாழ்வு என்று நான் எண்ணிக்கொண்டிருக்க, அவர் அதற்கு முன்னால் இருந்த பூவைத்தான் தன் பெயர் என்று வைத்திருந்தார். வியாபாரி என்பது எந்தப் பொருளையும் விற்கலாம். காரர் தன் முன்சொல்லை விடாது, யார் எதனோடு வாழ்கிறார் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அதனால் காரரை எல்லா இடத்திலும் ஆளராக்க வேண்டும் என்று 20ஆம் தேதி எழுதியதிலிருந்து யாராவது புரிந்துகொண்டிருந்தால் அது நான் சொல்ல வந்தது அல்ல. அவரவரைக் கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

மார்ச் 2

முதலில் கேட்டவர் மறுபடி வந்து, "சரி, விண்ணப்பதாரர் இருக்கட்டும், ஆனால் ஒன்றையாவது மாற்றுங்கள்" என்கிறார். மாற்றச் சொல்வது இப்போது என் மேசையில் கிடக்கிற படிவத்தின் மூன்றாம் வரியை: "ஆதார் அட்டைதாரரின் கையொப்பம்."

ஆதாரம் என்ற சொல், தாங்குவது. 'ஆ' என்ற முன்னொட்டு, பிறகு அதே 'த்ரு' வேர். நடுவில் நம் அட்டை. கடைசியில் பாரசீகத் தார், அதே வேரின் ஈரானியப் பிள்ளை. பிரிந்து போன இரண்டு கிளையும் நடுவே ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே வரியில் உட்கார்ந்திருக்கின்றன. இதில் நான் கைவைக்க மாட்டேன். அப்படியே அச்சுக்குப் போகிறது.